பழுதாகும் சர்வரிலிருந்து விஎம்மைப் பத்திரமாக வெளியே எடுப்பது எப்படி?

ஒரே ஒரு சர்வர், அதற்குள் நாலைந்து விஎம்கள், அதாவது மென்பொருளால் உருவான மெய்நிகர் கணினிகள். சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. ஒரு விஎம்மில் பில்லிங், இன்னொன்றில் எல்லாரும் பகிரும் கோப்புகள், மற்றொன்றில் வருகைப் பதிவோ ஒரு பழைய டேட்டாபேஸோ ஓடிக்கொண்டிருக்கும். இவற்றையெல்லாம் தாங்கும் இயந்திரத்தை ஹோஸ்ட் என்கிறோம். அது பழுதாகத் தொடங்கினால் அத்தனையும் ஒரே நேரத்தில் ஆபத்தில் சிக்கும். இந்த நிலைமையை முதல்முறையாகச் சந்திப்பவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ-யை எடுத்துக்கொள்கிறேன். விஎம்களை உருவாக்கி ஓட்டுவதற்காக வியன்னாவிலிருந்து 2008 முதல் வெளிவரும் திறந்தமூல அமைப்பு இது. உள்ளே வேலை செய்வது, 2007-இல் லினக்ஸ் கெர்னலோடு சேர்க்கப்பட்ட கேவிஎம்மும் அதோடு இணைந்த க்யூஎம்யூவும்தான். இதே வேலையைச் செய்யும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கிய பிறகு நிறையப் பேர் இதன் பக்கம் திரும்பினார்கள். நீங்கள் வைத்திருப்பது விஎம்வேரோ ஹைப்பர்-வியோ என்றால் பட்டன்களின் பெயர் மாறும். வேலைகளின் வரிசை மாறாது.

ஒரு விஎம்மை நகர்த்துகிறோம் என்றால் எதை நகர்த்துகிறோம்? இரண்டு பொருள்களைத்தான். ஒன்று, அதன் டிஸ்க். ஹோஸ்டைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய கோப்பு, அல்லது எல்விஎம், இசட்எஃப்எஸ் போன்ற சேமிப்பில் ஒதுக்கிய ஒரு பகுதி. இன்னொன்று, அந்த விஎம்முக்கு எத்தனை சிபியு, எவ்வளவு மெமரி, எந்த நெட்வொர்க் கார்டு என்று எழுதியிருக்கும் சின்ன கான்ஃபிக் கோப்பு. விஎம் ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாவதாக அதன் மெமரியும் உண்டு. விஎம்மை அணைத்துவிட்டால் அந்த மூன்றாவதைப் பற்றிக் கவலையே இல்லை. பழுதான ஹோஸ்டில் வேலை செய்யும்போது இது பெரிய நிம்மதி.

புதியவர்கள் பலரும் சேவை நிற்கக் கூடாது என்ற பதற்றத்தில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பதற்றம் புரிகிறது, மேலாளர் பக்கத்திலேயே நிற்பார். ஆனாலும் முதலில் தரவின் ஒரு நகல் அந்த இயந்திரத்துக்கு வெளியே வரவேண்டும். சேவையை மீண்டும் எழுப்புவது அதற்கு அடுத்த வேலை. பில்லிங் இரண்டு மணி நேரம் நின்றால் சமாளிக்கலாம். மூன்று வருடக் கணக்கு போய்விட்டால் சமாளிக்க முடியாது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த வரிசைப்படிதான் அமைத்திருக்கிறேன்.

படி 1: செய்யக் கூடாதவை

முதல் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ரீபூட் செய்யாதீர்கள். டிஸ்க் தடுமாறினாலும், ஏற்கெனவே மெமரிக்கு வந்துவிட்ட கெர்னலும் விஎம்களும் தொடர்ந்து ஓடும். ஒருமுறை அணைத்தால், பழைய சுழலும் டிஸ்க் மறுபடி சுற்றாமலே போகலாம். பூட் ஆகும் பகுதியில்தான் பழுது என்றால் சர்வர் எழவே எழாது. இப்போது உள்ளே நுழைய முடிகிறதா? அந்த வாய்ப்பைத் தொலைக்காதீர்கள்.

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டில் ஒரு டிஸ்க் போயிருந்தால், உடனே புது டிஸ்கைச் செருகி, இழந்ததை அதில் மறுபடி உருவாக்கும் ரீபில்டைத் தொடங்கும் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். ரெய்டு 5-இல் ரீபில்டு நடக்க, மீதமுள்ள எல்லா டிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். அவை பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயதுள்ள டிஸ்க்குகள். அந்தச் சுமையில் இரண்டாவதும் விழுந்தால் எல்லாம் முடிந்தது. அதே படிப்பை ரீபில்டுக்குச் செலவிடாமல் நகல் எடுக்கச் செலவிடுங்கள். நகல் வெளியே வந்த பிறகு ரீபில்டு செய்துகொள்ளலாம்.

ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையைப் பழுதான டிஸ்கில் ஓட்டாதீர்கள். அது படிப்பதோடு நிற்காது, திருத்தி எழுதவும் செய்யும். படிக்கவே முடியாத இடங்களை வைத்துக்கொண்டு அது எடுக்கும் முடிவுகள் நல்ல கோப்புகளையும் கெடுக்கலாம். சாஃப்ட்வேர் அப்டேட், புதிய ஸ்னாப்ஷாட் எல்லாம் இப்போது வேண்டாம். ஹோஸ்டில் எதையாவது எழுத வைக்கும் எந்த வேலையையும் தள்ளிப்போடுங்கள்.

படி 2: எது பழுது என்று கண்டுபிடியுங்கள்

எந்தப் பாகம் பழுதாகிறது என்பதைப் பொறுத்து நகர்த்தும் முறையே மாறும். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் செலவிடுவது வீண் இல்லை.

டிஸ்கில் தொடங்குங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் இடப்பக்கம் ஹோஸ்டின் பெயரைத் தட்டி, டிஸ்க்ஸ் என்ற பகுதிக்குப் போனால் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஸ்மார்ட் மதிப்புகளை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் கணக்குகளைப் பார்க்கலாம். மேலே பாஸ்டு என்று வருவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாஸ்டு என்று காட்டிக்கொண்டே செத்துப்போகும் டிஸ்க்குகள் உண்டு. பார்க்க வேண்டியது மூன்று எண்களை: 5, 197, 198. ஐந்தாவது, கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் (டிஸ்கின் சிறு பகுதிகளின்) கணக்கு. 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்கள். 198, படிக்கவே முடியாது என்று உறுதியானவை. இவற்றின் ரா மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்குக்குக் காலம் நெருங்கிவிட்டது. 199 மட்டும் ஏறுகிறது, மற்றவை பூஜ்யம் என்றால் சந்தேகம் கேபிள் மேல். என்விஎம்இ டிஸ்குகளில் இந்த எண்கள் கிடையாது. மீடியா எரர் எண்ணிக்கையையும், மிச்சமிருக்கும் ஸ்பேர் சதவீதத்தையும் பாருங்கள். ஹார்டுவேர் ரெய்டு கார்டு இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள டிஸ்குகள் இந்தத் திரையில் தெரியாமல் போகலாம். அப்போது அந்தக் கார்டுக்கான மென்பொருளில்தான் பார்க்க முடியும்.

அடுத்தது கெர்னல் பதிவு. ஹோஸ்டின் சிஸ்டம் லாக் பகுதியில் இன்புட்-அவுட்புட் எரர் என்ற வரிகள் வரிசையாக வந்தால் டிஸ்கோ, அதன் கேபிளோ, கன்ட்ரோலரோ காரணம். ஈடிஏசி அல்லது மெஷின் செக் என்று தொடங்கும் வரிகள் இருந்தால் மெமரி அல்லது சிபியு பக்கம் பாருங்கள். சிறு பிழைகளைத் தானே திருத்தும் இசிசி மெமரி உள்ள சர்வரில், திருத்தப்பட்ட பிழை எப்போதாவது ஒன்று வந்தால் பொறுக்கலாம். திருத்த முடியாத பிழை ஒன்று வந்தாலும் அந்த ஹோஸ்டை நம்பக் கூடாது.

இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல துப்பு உண்டு. பூலின் (டிஸ்க்குகளின் தொகுப்பின்) நிலையைக் கேட்டால் ஒவ்வொரு டிஸ்குக்கும் எதிரே படிப்புப் பிழை, எழுத்துப் பிழை, செக்சம் பிழை (படித்த தரவு எழுதியதோடு பொருந்தாதது) என்று மூன்று நெடுவரிசைகள் வரும். ஒரே ஒரு டிஸ்கில் மட்டும் எண்கள் ஏறினால் அந்த டிஸ்கைச் சந்தேகிக்கலாம். எல்லா டிஸ்கிலும் ஒரே நேரத்தில் செக்சம் பிழை ஏறுகிறதா? அத்தனை டிஸ்கும் ஒரே வாரத்தில் கெடுவது அரிது. மெமரி, கன்ட்ரோலர், பவர் சப்ளை, கேபிள் இவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும்.

ஃபேன், வெப்பம், பவர் சப்ளை பழுது என்றால் தரவு அநேகமாக நன்றாகவே இருக்கும். நேரம்தான் குறைவு. ஐடிராக், ஐஎல்ஓ போன்ற நிர்வாகத் திரையில் வெப்பநிலையையும் ஃபேன் வேகத்தையும் பார்த்து, அவசியமில்லாத விஎம்களை அணைத்து, சுமையைக் குறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மெமரி பழுது எல்லாவற்றையும் விட மோசமானது, ஏனென்றால் சத்தமில்லாமல் கெடுக்கும். டிஸ்கிலிருந்து படித்த எதுவும் மெமரி வழியாகத்தான் வெளியே போகிறது. அந்த மெமரியே பிழையானால் எடுக்கும் நகலும் பிழையாகும், ஒரு எச்சரிக்கைகூட வராது. ஆகவே அந்த ஹோஸ்டில் வைத்து நகல் எடுக்காதீர்கள். விஎம்களை முறையாக அணைத்து, சர்வரை அணைத்து, டிஸ்க்குகளைக் கழற்றி நல்ல இயந்திரத்தில் மாட்டி எடுப்பதுதான் சரி. ரீபூட் வேண்டாம் என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு.

படி 3: போகும் இடமும் ஆகும் நேரமும்

இன்னொரு ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர் தயாராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போதுமான மெமரி உள்ள ஒரு நல்ல டெஸ்க்டாப்பில் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவித் தற்காலிகமாக ஓட்டலாம். பழைய ஹோஸ்டில் உள்ள அதே பதிப்பையோ, அதைவிடப் புதியதையோ நிறுவுங்கள். புதிய க்யூஎம்யூவில் உருவான விஎம் பழையதில் ஏற மறுக்கலாம். விண்டோஸ் விஎம்களில் மெஷின் பதிப்பு எண் கான்ஃபிக்கிலேயே பதிந்திருப்பதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

புது ஹோஸ்ட் வர இரண்டு நாள் ஆகும் என்றாலும் நகல் எடுப்பது நிற்க வேண்டியதில்லை. ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி), அல்லது வெளி யுஎஸ்பி டிஸ்க் போதும். அந்த டிஸ்கை ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பும் நிற்காது.

நேரத்தைக் கணக்கிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்கு ஏறக்குறைய 110 எம்பி கிடைக்கும். அந்த வேகத்தில் 500 ஜிபி நகர ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நடுவில் ஒரு பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் இருந்தால் அதே 500 ஜிபிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். சர்வர் வேகமானது, கேபிளும் நல்லது, ஆனால் யாரோ எப்போதோ மாட்டிய ஒரு சின்ன ஸ்விட்ச் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும். முடிந்தால் இரண்டு இயந்திரத்தையும் ஒரே கேபிளில் நேரடியாக இணையுங்கள். யுஎஸ்பி டிஸ்கை 2.0 துளையில் செருகாமல் 3.0 துளையில் செருகினீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 35 எம்பிக்கும் 100 எம்பிக்கும் உள்ள வித்தியாசம் அது.

படி 4: கான்ஃபிக்கை எழுதி வையுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும், ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு விஎம்மின் ஹார்டுவேர் பக்கத்தையும் ஆப்ஷன்ஸ் பக்கத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உங்கள் கைப்பேசியிலோ வேறு கணினியிலோ வையுங்கள். பூட் முறை சீபயோஸா ஓவிஎம்எஃப்பா, டிஸ்க் இணைப்பு விர்ட்ஐஓவா சாட்டாவா, மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) என்ன, நெட்வொர்க்கைப் பிரிக்கும் விலான் எண் எது என்ற விவரங்கள் எல்லாம் அதில் வந்துவிடும்.

ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு தனி விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கான்ஃபிக் கோப்புகள் இடிசி-க்குள் பிவிஇ என்ற கோப்புறையில் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அங்கே கோப்பு எதுவும் கிடையாது. வார் லிப் என்ற பாதைக்குள், பிவிஇ-கிளஸ்டர் கோப்புறையில் கான்ஃபிக்.டிபி என்ற ஒரு எஸ்க்யூலைட் கோப்பு இருக்கிறது. சர்வர் ஓடும்போது அதிலிருந்துதான் இந்தக் கோப்புறை உருவாகிறது. சர்வர் செத்தபிறகு டிஸ்கைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிப் பார்த்தால் இடிசி பிவிஇ காலியாக இருக்கும். எல்லாம் போய்விட்டது என்று இடிந்துபோக வேண்டாம். அந்த டிபி கோப்பைத் திறந்தால் அத்தனை கான்ஃபிக்கும் உள்ளே எழுத்தாகவே இருக்கும். ஹோஸ்ட் உயிரோடு இருக்கும்போதே அந்த ஒரு கோப்பை நகல் எடுத்துவிடுங்கள், சில எம்பிதான்.

படி 5: உள்ளே இருக்கும் தரவை முதலில் எடுங்கள்

முழு விஎம்மையும் நகர்த்துவதற்கு முன், அதற்குள் இருக்கும் உயிரான தரவைத் தனியாக வெளியே எடுங்கள். டேட்டாபேஸ் என்றால் அதன் தரவை ஒரு கோப்பாக எழுதித்தரும் டம்ப் கட்டளை உண்டு: போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி-டம்ப், மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்றால் சிங்கிள்-டிரான்ஸாக்ஷன் தெரிவோடு மைஎஸ்க்யூஎல்-டம்ப். டேலி மாதிரி மென்பொருள் என்றால் அதிலேயே உள்ள பேக்கப் வசதி. எடுத்த கோப்பை உடனே நெட்வொர்க் வழியாக வெளியே அனுப்புங்கள். அதே விஎம்மின் டிஸ்கில் விட்டுவைக்காதீர்கள்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்த இரண்டு காரணம். 500 ஜிபி விஎம்மில் உண்மையான கணக்குத் தரவு பெரும்பாலும் சில ஜிபிதான், சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அப்புறம் ஹோஸ்ட் செத்தாலும் புது விஎம் ஒன்றை நிறுவி அதில் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, டம்ப் எடுக்கும்போது டேட்டாபேஸ் தன் எல்லா அட்டவணைகளையும் தானே படித்துப் பார்க்கிறது. எங்காவது படிக்க முடியாவிட்டால் அங்கேயே நின்று பிழை சொல்லும். முழு டிஸ்க் நகலுக்கு உள்ளே இருப்பது கணக்கா குப்பையா என்று தெரியாது.

எந்த விஎம்மில் தொடங்குவது? பெரியதில் வேண்டாம். எங்கிருந்தும் மறுபடி உருவாக்க முடியாத தரவு எதில் இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். வலைத்தளத்தின் கோட் வேறிடத்திலும் இருக்கும், பிரிண்ட் சர்வரை அரை மணி நேரத்தில் மறுபடி நிறுவலாம். அவை கடைசியில் வரட்டும்.

படி 6: நகர்த்துவது

வழி ஒன்று, பேக்கப் எடுத்து ரீஸ்டோர் செய்வது. புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

டேட்டாசென்டர் பகுதியில் ஸ்டோரேஜ் என்பதைத் தட்டி, உங்கள் நாஸை என்எஃப்எஸ் அல்லது எஸ்எம்பி ஆகச் சேருங்கள். யுஎஸ்பி டிஸ்க் என்றால் அதை மவுண்ட் செய்து டைரக்டரி ஆகச் சேருங்கள். உள்ளடக்கத்தில் பேக்கப் தேர்வாகியிருக்க வேண்டும். இரண்டு சர்வரிலும் இதே சேமிப்பைச் சேர்த்துவிட்டால் நடுவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

அடுத்து விஎம்மை நீங்களே ஷட்டவுன் செய்யுங்கள். பேக்கப் திரையில் ஸ்டாப் என்றொரு முறை இருக்கிறதே, அதைத் தேர்ந்தால் போதாதா என்று தோன்றும். அந்த முறை விஎம்மை அணைத்து, பேக்கப்பைத் தொடங்கியதும் விஎம்மை மீண்டும் ஓடவிட்டுவிடும். மக்கள் அதில் பில் போடத் தொடங்குவார்கள், அந்தப் பில்கள் உங்கள் நகலில் இருக்காது. ஸ்னாப்ஷாட் முறையிலும் இதே கதைதான். தவிர, விஎம் எழுத வரும் ஒவ்வொரு பகுதியின் பழைய தரவையும் முதலில் படித்து பேக்கப்புக்கு அனுப்பிய பிறகே எழுத விடும் என்பதால், தடுமாறும் டிஸ்குக்கு இன்னும் சுமை. அணைத்துவிட்டு எடுத்தால் எடுத்ததுதான் கடைசி நிலை, குழப்பமே இல்லை.

விஎம் அணைந்ததும் அதன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஸ்டார்ட் அட் பூட் என்பதை நோ ஆக மாற்றுங்கள். ஹோஸ்ட் தானாக ரீபூட் ஆனாலும் பழைய விஎம் எழுந்து வராது. இதன் அவசியம் படி 8-இல் புரியும். பிறகு பேக்கப் நவ் தட்டி, சுருக்கத்துக்கு இசட்எஸ்டிடி தேர்ந்து தொடங்குங்கள். முடிந்ததும் பதிவின் கடைசி வரி ஓகே என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இன்புட்-அவுட்புட் எரர், மைனஸ் 5 என்று நின்றிருந்தால் டிஸ்கில் படிக்க முடியாத இடம் இருக்கிறது. அப்போது மூன்றாவது வழிக்குப் போங்கள்.

வழி இரண்டு, ஓடும்போதே நகர்த்துவது. இரண்டு சர்வரும் முன்பே ஒரே கிளஸ்டரில் (சேர்ந்து நிர்வகிக்கப்படும் சர்வர் குழுவில்) இருந்து, டிஸ்கும் மெமரியும் நலமாக இருந்து, பழுது ஃபேனிலோ பவரிலோ என்றால் மட்டும் இது பொருத்தம். மைக்ரேட் பட்டனைத் தட்டினால், விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மெமரி அந்தப் பக்கம் போகும். போகும் நேரத்தில் மாறிய பக்கங்கள் மறுபடி அனுப்பப்படும், அதற்குள் மாறியவை இன்னொரு முறை. மிச்சம் மிகக் குறைந்ததும் ப்ராக்ஸ்மாக்ஸ் விஎம்மை ஒரு கணம் நிறுத்தி, அதையும் அனுப்பி, அந்தப் பக்கம் எழுப்பும். ஜென் என்ற இன்னொரு விஎம் அமைப்பில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2005-இல் இந்த முறையைச் செய்துகாட்டியபோது நிறுத்தம் 60 மில்லிநொடி அளவுக்குக் குறைந்தது. அழகான வேலை. ஆனால் உள்ளே டேட்டாபேஸ் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தால் அந்தச் சுற்று முடியாமல் இழுக்கும். அப்போது உள்ளே வேலையைக் குறைக்க வேண்டும்.

மைக்ரேட் மறுத்தால் வழக்கமான காரணங்கள் இவை: விஎம்மின் சிடி டிரைவில் பழைய ஐஎஸ்ஓ (சிடியின் நகல் கோப்பு) மாட்டியிருப்பது, யுஎஸ்பி டாங்கிளோ கிராஃபிக்ஸ் கார்டோ நேரடியாகக் கொடுத்திருப்பது. சிபியு வகை ஹோஸ்ட் என்று இருந்து, ஒரு சர்வர் இன்டெல், மற்றது ஏஎம்டி என்றால் இந்த வழியையே விட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு விஎம் உறைந்து நிற்கும்.

கிளஸ்டர் இல்லாதவர்கள் அவசரத்தில் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம். சாகும் ஹோஸ்டை ஒரு உறுப்பினராக்கினால், அது விழுந்ததும் இரண்டில் ஒரு வாக்கு மட்டும் மிஞ்சும், பெரும்பான்மை போய்விடும். புது சர்வரில் ஓடும் விஎம்கள் ஓடும், ஆனால் எதையும் மாற்றவோ புதிதாகத் தொடங்கவோ முடியாமல் கான்ஃபிக் பூட்டிக்கொள்ளும். ஏற்கெனவே இரண்டு சர்வர் கிளஸ்டர் வைத்திருந்து இப்படி மாட்டிக்கொண்டால், பிவிஇசிஎம் கட்டளையில் எதிர்பார்க்கும் வாக்கை 1 ஆக்கிப் பூட்டைத் திறக்கலாம். பழைய சர்வரின் பவர் கேபிளைக் கழற்றியாயிற்று என்று உறுதியான பிறகு மட்டும் அதைச் செய்யுங்கள்.

வழி மூன்று, படிக்க முடியாத டிஸ்கிலிருந்து மீட்பது. இங்கே குனூ டிடிரெஸ்க்யூதான் கருவி. சாதாரண நகல் கருவிகள் முதல் பிழையிலேயே நின்றுவிடும், அல்லது கெட்ட இடத்தையே திரும்பத் திரும்பக் குடைந்து டிஸ்கை இன்னும் வதைக்கும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், எளிதாகக் கிடைப்பதை முதலில் அள்ளும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும். நடுவில் ஹோஸ்ட் தொங்கினாலும் அந்த மேப் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனால் மேப் கோப்பை நல்ல டிஸ்கில்தான் வைக்க வேண்டும்.

முழு டிஸ்கையும் எடுக்க வேண்டியதில்லை. விஎம்மை அணைத்துவிட்டு, அதற்குரிய எல்விஎம் பகுதியை மட்டும் எடுங்கள், பெயரிலேயே விஎம்மின் எண் இருக்கும். முதல் சுற்றில் குடையும் வேலையைத் தவிர்க்கும் தெரிவைக் கொடுங்கள். நல்ல பகுதிகள் எல்லாம் வந்த பிறகு அதே மேப்போடு இரண்டாவது சுற்றில் கெட்ட இடங்களை முயலுங்கள். கிடைத்த இமேஜை இன்னொரு நகல் எடுத்து, எஃப்எஸ்சிகே போன்ற பழுதுபார்ப்பையெல்லாம் அந்த நகலில் செய்யுங்கள். புது ஹோஸ்டில் காலி விஎம் ஒன்றைப் பழைய கான்ஃபிக்படி உருவாக்கி, கியூஎம் கட்டளையின் டிஸ்க் இம்போர்ட் வழியாக இமேஜைச் சேர்த்துவிடலாம்.

டிஸ்கைக் கழற்றி வேறு ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வரில் மாட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இயல்பாக நிறுவிய இரண்டிலும் எல்விஎம் குழுமத்தின் பெயர் பிவிஇ என்றே இருக்கும், இரண்டும் மோதும். லைவ் யுஎஸ்பியிலிருந்து பூட் செய்த ஒரு கணினியில் பழைய டிஸ்கை மட்டும் மாட்டி எடுப்பது நிம்மதி. வேறு வழியில்லை என்றால், பழைய குழுமத்தை அதன் யுயுஐடி-யைக் கொண்டு அடையாளம் கண்டு பெயர் மாற்ற வேண்டும்.

படி 7: ரீஸ்டோரும் ஒத்திகையும்

புது சர்வரில் அந்தச் சேமிப்பைத் திறந்து, பேக்கப்பைத் தேர்ந்து, ரீஸ்டோர் தட்டுங்கள். யூனிக் என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள். போட்டால் மேக் முகவரி மாறிவிடும். டிஹெச்சிபியில் மேக்கை வைத்து ஐபி ஒதுக்கியிருந்தால் ஐபி மாறும், மேக்கோடு கட்டிய லைசென்ஸ் இருந்தால் அதுவும் அடம்பிடிக்கும். ரீஸ்டோர் முடிந்ததும் தானாகத் தொடங்கும் தெரிவும் வேண்டாம்.

தொடங்கும் முன் ஹார்டுவேர் பக்கத்தில் நெட்வொர்க் கார்டைத் திறந்து டிஸ்கனெக்ட் என்பதில் டிக் போடுங்கள். விஎம்மை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜின் பெயர் இந்த ஹோஸ்டிலும் உண்டா என்று பாருங்கள், பழையதில் விஎம்பிஆர்1 என்று இருந்து இங்கே அது இல்லாவிட்டால் விஎம் எழாது. சிடி டிரைவில் ஐஎஸ்ஓ இருந்தால் எடுத்துவிடுங்கள், அந்தக் கோப்பு இங்கே இருக்காது.

இப்போது விஎம்மைத் தொடங்கி கன்சோலில் பாருங்கள். லாகின் திரை வந்ததோடு திருப்தி அடையாதீர்கள். டேட்டாபேஸ் எழுந்ததா, கடைசியாகப் போட்ட பில் தெரிகிறதா, பெரிய கோப்பு ஒன்று திறக்கிறதா, கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்த மென்பொருளை நாள்தோறும் பயன்படுத்துபவரை அழைத்துவந்து காட்டுவது இன்னும் நல்லது. நமக்குச் சரியாகத் தெரியும் அறிக்கையில் ஒரு மாதம் விடுபட்டிருப்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்.

படி 8: மாற்றிவிடுவது

பழைய விஎம் அணைந்திருக்கிறது, ஸ்டார்ட் அட் பூட் நோ என்று இருக்கிறது என்று மறுபடி உறுதி செய்யுங்கள். முடிந்தால் பழைய ஹோஸ்டின் நெட்வொர்க் கேபிளையே கழற்றுங்கள். ஒரே மேக், ஒரே ஐபியோடு இரண்டு விஎம்கள் எழுந்தால், ஒரே கதவு எண் உள்ள இரண்டு வீட்டுக்குத் தபால் கொடுப்பது போலாகும். சில பில்கள் பழையதில் விழும், சில புதியதில் விழும். அந்த இரண்டையும் பிறகு ஒன்றாகச் சேர்ப்பது இந்த முழு வேலையையும்விடக் கடினம்.

உறுதியானதும் புது விஎம்மில் டிஸ்கனெக்ட் டிக்கை எடுங்கள். வேறொரு கணினியிலிருந்து பிங் செய்யுங்கள், எல்லாரும் பகிரும் கோப்புறையைத் திறந்து பாருங்கள், ஒரு சோதனைப் பிரிண்ட் கொடுங்கள். தொடர்பு கிடைக்கவில்லை என்றால், ஸ்விட்ச் இன்னும் அந்த மேக்கைப் பழைய துளையிலேயே நினைத்துக்கொண்டிருக்கலாம். விஎம்மிலிருந்து வெளியே எதையாவது பிங் செய்தால் ஸ்விட்ச் புது இடத்தைக் கற்றுக்கொள்ளும். விலான் எண் விடுபட்டிருப்பதும் வழக்கமான காரணம்.

எல்லாம் ஓடியதும் புது விஎம்மில் ஸ்டார்ட் அட் பூட் என்பதை யெஸ் ஆக மாற்றுங்கள். இதை மறந்தால் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு விஎம் எழாது.

படி 9: பழைய ஹோஸ்ட்

உடனே எதையும் அழிக்காதீர்கள். குறைந்தது ஒரு மாத முடிவுக் கணக்காவது புது சர்வரில் ஓடி முடியட்டும். அதுவரை பழைய டிஸ்க்குகளில் தேதியும் எந்தத் துளையில் இருந்தது என்பதும் எழுதி ஒட்டி, தனியாக வையுங்கள். எடுத்த பேக்கப் கோப்புகளும் அப்படியே இருக்கட்டும்.

புது சர்வரில் அன்று மாலையே பேக்கப் அட்டவணை ஒன்றைப் போடுங்கள், பழைய ஹோஸ்டில் இருந்த அட்டவணை விஎம்மோடு சேர்ந்து வராது. அது போகும் இடம் அந்த சர்வருக்குள்ளேயே உள்ள டிஸ்காக இருக்கக் கூடாது. முதல் பேக்கப் வந்ததும் வேறொரு விஎம் எண்ணில், இந்த முறை யூனிக்கில் டிக் போட்டு, நெட்வொர்க் இல்லாமல் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்த்துவிடுங்கள்.

பழைய டிஸ்கை வாரண்டிக்கு அனுப்புவதற்கும் பழைய பொருள் கடைக்குப் போடுவதற்கும் முன் முழுக்க அழித்துவிடுங்கள். எழுதி அழிக்க முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் அனுப்பவே வேண்டாம், தட்டுகளைத் துளையிட்டு உடைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி என்றால் உள்ளே இருக்கும் சில்லுகள் ஒவ்வொன்றும் உடைய வேண்டும். அதில் இருப்பது உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் கணக்கும்.